ஏணிக்கு ஒரு காவடி

போன மாதம் எங்கள் பெயிண்டர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெயிண்ட் கம்பெனித் தம்பி வந்திருந்தார். கழுத்தில் அட்டை, கையில் மைக், பக்கத்தில் பளபளவென்று ஒரு அலுமினிய ஏணி. ஏணியின் ஓரத்தில் ஒரு கம்பியை மாட்டினார். அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டார். "இனிமேல் நீங்கள் வாளியைக் கையில் பிடிக்க வேண்டாம். இது புதுக் கண்டுபிடிப்பு" என்று சொல்லிக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

கைதட்டல் வரவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏகாம்பரண்ணே, உன் காவடிய பாதியா ஒடச்சி எடுத்துனு வந்துகீறாங்க பாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

தம்பி பாவம், முகம் சுருங்கிப் போனார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவரே என்னை மேடைக்கு அழைத்து ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் நான் வணக்கமே சொல்லி முடிக்க மாட்டேன். கதையில் மேஸ்திரியின் குடை வரைக்கும்தான் வந்திருந்தேன், சாப்பாடு வந்துவிட்டது. "சோறு ஆறினா சொந்தம் ஆறும்" என்று எங்கள் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, "மீதிய நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுத்துடுப்பா" என்றார். எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த கதை பெரிதில்லை. ஒரு வருஷம் சுரண்டினேன், ஒரு வருஷம் தேய்த்தேன், ஒரு வருஷம் வாளி கழுவினேன், நாலாம் வருஷம் ஏணியில் ஏறினேன். எழுத்துகூட கடைப் பலகைகளில் அடுத்தவர் எழுதியதன் மேல் பிரஷ் ஓட்டிப் படித்துக்கொண்டதுதான். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையில் பிழை விட்டிருந்தால் கடைக்காரர் பொறுத்திருக்க மாட்டார்.

எங்கள் மேஸ்திரி பெயர் சுப்பராயலு. வீட்டில் தெலுங்கு பேசுவார், வேலையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் பேச மாட்டார். எல்லோருக்கும் அவர் நைனா, தெலுங்கில் அப்பா. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. அது மழைக்கான குடை இல்லை, ஏணிக்கானது. காலையில் குடைப்பிடியால் மூங்கில் ஏணியின் இரண்டு கால்களையும் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவார். எங்காவது சத்தம் பொத்தென்று கேட்டால் அந்த ஏணி அன்றைக்கு வேலைக்கு வராது. எங்கள் காதுக்கு எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

சாயங்காலம் வேலையைப் பார்க்க வருவார். வீட்டுக்காரர் பெருமையாகச் சுவரைக் காட்டுவார். இவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, மூலை மூலையாகத் தரையைப் பார்ப்பார். எங்காவது ஒரு சொட்டுப் பெயிண்ட் கண்ணில் பட்டால் அதன் பக்கத்தில் குடை நுனியை ஊன்றி அப்படியே நிற்பார். திட்டு கிடையாது, பேச்சு கிடையாது. யாருடைய சொட்டோ அவன் வந்து துடைக்கிற வரைக்கும் குடை அசையாது. "செவுரு பொய் சொல்லும்டா. தரை சொல்லாது" என்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. புது வேலை தொடங்குகிற அன்று ஈசானிய மூலையில் அவரே பிரஷ்ஷை முக்கி ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு அந்தப் பிரஷ்ஷை எங்களில் ஒருவன் கையில் கொடுப்பார். அந்த வேலை முடிகிற வரை அவன்தான் ஏணியில் முதல் ஆள். உச்சிச் சுவர் அவனுடையது. ஆறு வருஷமாக அந்தப் பிரஷ் என் கைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக ஒரு புதுக் கட்டடம். அப்போதெல்லாம் வாளியைப் படியில் மாட்ட எஸ் கொக்கிதான். கொக்கியில் மாட்டினால் வாளி படிக்குக் கீழே முழங்கால் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷை ஒவ்வொரு தடவை முக்கவும் குனிந்து நிமிர வேண்டும். அதற்குச் சலித்துப் பாதி நேரம் வாளியை இடது கையிலேயே பிடித்துக்கொண்டு அடிப்போம். அன்று உச்சிக்கு இரண்டு படி கீழே நின்றிருந்தேன். வாளி கொக்கியில் இருந்தது. எட்டி ஒரு இழுப்பு இழுத்ததும் ஏணி லேசாக அதிர்ந்தது. கொக்கி படியிலிருந்து துள்ளிவிட்டது.

அந்த நிமிஷத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏணியைப் பிடித்திருப்பான். நான் பெயிண்டர். நான் வாளியைப் பிடித்தேன்.

கீழே அன்றைக்குப் பதித்த கிரானைட் படிக்கட்டு. சாயங்காலம் அதன் மேல் குடை நிற்கும். இவை இரண்டும்தான் மனசில் வந்தன. என் பெண்டாட்டி பிள்ளை வரவில்லை. வாளியும் நானும் ஒன்றாகவே இறங்கினோம். கீழே கிடந்தபடி நான் கேட்ட முதல் வார்த்தை, "தரை இன்னா ஆச்சு?"

நைனா அங்கேதான் நின்றிருந்தார். அவர் கையிலிருந்து குடை நழுவி விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆந்திர எல்லை தாண்டிப் போய் எலும்புக் கட்டுப் போட்டேன். எலும்பு கூடியது, மணிக்கட்டு மட்டும் மடங்கவில்லை. இடது கை முழங்கை வரை நன்றாக வேலை செய்யும், அதற்குக் கீழே அகப்பைதான். கனமாக எதையும் பிடிக்காது. நாலு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். நைனா என் கையைப் பார்த்தார். கீழ்ச்சுவரில், பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியைத் தேய்க்கிற வேலையைக் கொடுத்தார்.

தரையோடு தரையாக உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்ப்பேன். பிரஷ் இப்போது எங்கள் ஆட்களில் ஒருவனான தாமுவின் கைக்குப் போயிற்று. தாமு நல்லவன், வாய் மட்டும் சும்மா இருக்காது. மேலேயிருந்து குரல் கொடுப்பான்.

"ஏகா, நீ இனிமே எறும்புக்குத்தான் செவுரு அடிக்கணும். அதுங்க உயரத்துக்கு நீ கரெக்ட்டு!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தேய்க்கிற தூசி கண்ணில் விழுந்த மாதிரி துடைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆடிக் கிருத்திகை முடியட்டும்டா. அப்புறம் பாக்கலாம்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கோகிலா அரிசி களைந்துகொண்டே, "பொண்ணு பாக்க வந்தவங்க ‘சொல்லி அனுப்புறோம்’னா இன்னா அர்த்தமோ, அதான் இதுக்கும் அர்த்தம்" என்றாள்.

கிருத்திகைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் நான் ஏணியில் ஏற வேண்டும். ஏறுவதில் கஷ்டமில்லை, முழங்கையை மடக்கிப் பிடித்தே ஏறிவிடுவேன். வாளிதான் கஷ்டம். எனக்குக் கை இல்லை, சரி. ஏணிக்கு ஒரு கை வைத்தால் என்ன?

என் அக்கா வீட்டுக்காரர், பாவா, ஆர்.கே.பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

"ஏணிக்கு ஒரு கை வெச்சிக் குடு பாவா."

பாவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார். "உனக்கே ஒரு கை கொறையுது. ஏணிக்கு சீர் செய்ய வந்துட்டியா?" என்றார். ஆனால் அன்றே கம்பியை வெட்டிவிட்டார்.

முதலில் செய்தது இப்படி: மேல் படியில் கவ்வுகிற ஒரு கொக்கி, அதிலிருந்து வலது பக்கமாக நீளும் ஒரு கம்பி, கம்பி நுனியில் வாளி. குனிய வேண்டாம், இடுப்புக்குப் பக்கத்திலேயே வாளி. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து, எங்கள் சுவரிலேயே ஏணியைச் சாத்தி, சுண்ணாம்பு கரைத்த வாளியை மாட்டி ஏறினேன். நாலு படி ஏறினதும் ஏணி வலது பக்கமாக நழுவ ஆரம்பித்தது. நான் குதித்துவிட்டேன். வாளி மட்டும் போய், கோகிலா காயப்போட்டிருந்த மிளகாய் மேல் முழுசாகக் கவிழ்ந்தது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மொளகாய்க்கு வெள்ளையடிச்ச மொத ஆளு இந்த ஊர்லயே நீதான்யா."

திருத்தணிக்காரனுக்கு ஆடிக் கிருத்திகை என்றால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. வேலையும் கிடையாது. மலைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தலில் குவளை மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆந்திராப் பக்கத்துக்காரர் ஒருவர் பால்காவடியோடு வந்து நின்றார். தோளில் கழி, இரண்டு முனையிலும் பால் செம்பு. தண்ணீர் வாங்க அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கழி தோளிலேயே நின்றது. செம்பு இரண்டும் லேசாக ஆடி நின்றன. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கைய வுட்டுட்டியே அய்யா, பால் கொட்டாதா?" என்றேன்.

அவர் குடித்து முடித்து வாயைத் துடைத்தார். "ரெண்டு பக்கமும் சமமா உண்டுன்னா காவடி தானே நிக்கும் தம்பி. ஒரு பக்கம் கொறஞ்சாத்தான் கை வேணும்" என்றார். குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

நான் குவளையைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருவிழாக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஓடியவன் அன்று நான் ஒருவன்தான்.

இரண்டாவதாகச் செய்ததைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். ஒன்றரை அடி இரும்புப் பட்டை. அதன் மேல்முனை ஒரு படியைக் கவ்வும்; கீழ்முனையில் ஒரு வெட்டு, அது அடுத்த படியில் போய் உட்காரும். இரண்டு படியைப் பிடித்துக்கொள்வதால் ஏணி அதிர்ந்தாலும் துள்ளாது. பட்டையின் நடுவில் குறுக்காக ஒரு கம்பி, ஏணியின் இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நீளும். முனைகளில் கொக்கி இல்லை, சேவல் வால் மாதிரி ஒரு சுருள். வாளியின் பிடியைத் திருகித்தான் உள்ளே விட முடியும், திருகித்தான் எடுக்க முடியும். வலது பக்கம் பெயிண்ட் வாளி. இடது பக்கம் தண்ணீர் வாளி, அதற்குள் துணி, பட்டித் தகடு. பெயிண்ட் குறையக் குறையத் துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே பிழிந்து எடை சரிசெய்வேன். ஏணி எப்படிச் சாய்ந்திருந்தாலும் வாளிகள் தொங்குவதால் நேராகவே நிற்கும்.

கோகிலா இந்தத் தடவை மிளகாயை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் ஏறவிட்டாள். ஏறினேன், அடித்தேன், இறங்கினேன். ஏணி அசையவில்லை. "மொளகாய வெளிய வெச்சிருக்கலாம் போல" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் நைனாவிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் அம்மையார்குப்பத்து வேலை வந்தது.

முனிரத்தினம் என்று ஒரு நெசவாளர். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் வீட்டை அடிக்க வேண்டும். மற்ற அறைகளில் ஒன்றும் பிரச்சினை இல்லை. தறி இருக்கிற கூடத்தில்தான் பிரச்சினை. வருஷம் முழுவதும் பருத்தி நெய்கிற மனிதர், மகளுக்காக முதல் தடவையாகப் பட்டுப் பாவு ஏற்றி, கல்யாணப் புடவையைத் தன் கையால் நெய்துகொண்டிருந்தார். பாதிப் புடவை நெய்தாகிவிட்டது, மீதிப் பாவு, நீளவாட்டு இழைகள், தறியில் விறைப்பாக நின்றது. தரையில் குழி வெட்டிப் பதித்த குழித்தறி, கழற்றி நகர்த்த முடியாது. சுவருக்கும் தறிக்கும் நடுவே ஒரு ஏணி மட்டும்தான் நிற்கும், அதுவும் நெட்டுக்குத்தாக. சாரம் கட்ட இடமில்லை.

"மேல தார்ப்பாய் போட்டு மூடிடலாம்" என்றான் தாமு.

முனிரத்தினம் துடித்துப் போனார். "பாவு மேல பாரம் ஏத்துனா இழை அறுந்துடும்பா! மெல்லிசா ஒரு வேட்டி போத்தலாம், அவ்ளோதான். ஒரு சொட்டுன்னா வேட்டி தாங்கும். வாளி வுழுந்துச்சினா எம் பொண்ணு எதக் கட்டினு மணையில ஒக்காருவா?"

தாமு ஏணியைப் பார்த்தான், பாவைப் பார்த்தான், பிரஷ்ஷை நைனாவிடம் நீட்டிவிட்டான். "நைனா, நெட்டுக்குத்தா கீது. ஒரு கையில வாளிய வெச்சினு என்னால முடியாது. அந்தச் செவுத்த அப்பிடியே வுட்டுடலாம்."

விட்டுவிடவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் உட்காரப் போவது அந்தக் கூடத்தில்தான். நைனா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நான் பட்டித் தூசியோடு எழுந்தேன். "நான் ஏறுறேன் நைனா."

"ஒத்தக் கைய வெச்சினா?" என்றார்.

"ஒத்தக் கை இல்ல நைனா, மூணு கை" என்று சொல்லிப் பையிலிருந்து அதை எடுத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. நைனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டினார், ஏணியைத் தட்டுகிற மாதிரியே. சத்தம் கணீரென்று வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு முனிரத்தினத்தைப் பார்த்தார். "உன் பாவு. நீ சொல்லு."

முனிரத்தினம் என் கையைப் பார்த்தார். நெசவாளிக்குக் கைதான் முதலில் கண்ணில் படும். "இந்தக் கை எப்பிடி ஆச்சு?" என்றார்.

"வாளிய புடிக்கப் போயி."

அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்: "சூடு பட்டவங்கதான் பால ஊதிக் குடிப்பாங்க. ஏறட்டும்."

பாவின் மேல் வேட்டியைப் போர்த்தினார்கள். பிரஷ்ஷின் காம்பில் பாதி ரப்பர் பந்தைக் கவிழ்க்காமல் கிண்ணம் போலக் கோத்துக்கொண்டேன். கையோரம் வழிகிற பெயிண்ட் அதற்குள் போய்விடும். வாளியில் பாதிக்கு மேல் ஊற்றவில்லை. பட்டையைப் படிகளில் மாட்டி, இரண்டு வாளியையும் திருகிக் கோத்து, ஏறினேன். வலது கை முக்கும், இழுக்கும். இடது முழங்கை ஏணியைத் தழுவிக்கொண்டு நிற்கும். அரை வருஷத்துக்குப் பிறகு உச்சிச் சுவர் என் முகத்துக்கு நேரே. அந்த வாசனை இருக்கிறதே, புதுப் பெயிண்டும் பழைய சுவரும் கலந்த வாசனை, அது கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி.

முக்கால்வாசி முடிந்திருக்கும். தறிக்குழியின் ஓரத்து மண் ஏணியின் ஒரு காலுக்கடியில் பொடிந்து உட்கார்ந்தது. ஒரு விரல் அளவுதான். உச்சியில் அது ஒரு முழம்.

கீழே ஒரு அலறல். ஓரக்கண்ணில் தெரிந்தது: முனிரத்தினம் தன் உடம்பையே குடையாக்கிப் பாவுக்கு மேல் இரண்டு கையையும் விரித்து, கோழி குஞ்சை மூடுகிற மாதிரி கவிழ்ந்து நிற்கிறார். பெயிண்ட் வாளி வெளியே வீசி ஆடுகிறது.

என் வலது கை பிரஷ்ஷை வாய்க்குக் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்தது. வாளியை நான் பார்க்கவே இல்லை. அய்யா, சத்தியமாகப் பார்க்கவில்லை. சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு எண்ணினேன். வாளி ஒரு தடவை ஆடியது. இரண்டு. மூன்றாவது தடவை இடது பக்கத்து வாளி அதைத் தன் பக்கம் இழுத்தது. நின்றுவிட்டது. தாமு பாய்ந்து வந்து ஏணிக் காலுக்கடியில் ஒரு கல்லைக் கொடுத்துத் தோளால் முட்டுக் கொடுத்தான்.

"இறங்குறியா?" என்றான்.

வாயில் பிரஷ். தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. மீதியையும் அடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

முனிரத்தினமும் அவர் மனைவியும் வேட்டியை ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினார்கள். அவர் டார்ச் அடித்து இழை இழையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி இழைக்கு வந்து டார்ச்சை அணைத்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு சத்தமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஒரு சொட்டு இல்ல!" என்றார். அவர் மனைவி என் அகப்பைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் நைனாவைத் தேடினேன். வழக்கப்படி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து நின்று ஏணியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"தரைய பாக்கலியா நைனா?"

"தரைய பாத்துப் பாத்துத்தான்டா உன்ன அன்னிக்கி வாளிய புடிக்க வெச்சேன்" என்றார். "இன்னிக்கி நீ ஏணிய புடிச்ச. அது போதும்."

அடுத்த வேலை திருத்தணியிலேயே, மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். நாங்கள் போவதற்குள் பாவா பட்டறையிலிருந்து இன்னும் ஐந்து காவடி வந்து சேர்ந்திருந்தது. நைனா எனக்குத் தெரியாமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெயரை வைத்தவன் தாமுதான். ஒவ்வொரு ஏணியிலும் ஒன்று மாட்டியிருந்தது. பிறகு ஊரில் ஒவ்வொரு மேஸ்திரியாக வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் எங்கள் ஆட்களில் ஒருவன்கூட வாளிக்காகக் கீழே விழவில்லை. கம்பெனித் தம்பிக்கு அன்றைக்கு மேடையில் இதைத்தான் சொல்ல வந்தேன்: உங்கள் கம்பி நன்றாக இருக்கிறது தம்பி, இடது பக்கமும் ஒன்று வையுங்கள்.

சத்திரத்தில் நைனா ஈசானிய மூலைக்குப் போனார். பிரஷ்ஷை முக்கி முதல் இழுப்பை இழுத்தார். திரும்பினார். எல்லோரும் வரிசையாக நின்றிருந்தோம். அவர் நேராக என் முன்னால் வந்து பிரஷ்ஷை நீட்டினார். நான் வலது கையை நீட்டினேன்.

"ரெண்டு கையாலயும் வாங்குடா" என்றார்.

இடது கையையும் நீட்டினேன். மடங்காத அந்தக் கையின் மேல் பிரஷ்ஷை வைத்தார். ஏணியில் ஏறினேன். நாலாவது படியில் இருக்கும்போது கீழேயிருந்து தாமுவின் குரல் வந்தது.

"ஏகா! எறும்புங்க எல்லாம் உன்ன எங்க காணோம்னு கேக்குதுப்பா. இன்னா சொல்லட்டும்?"

"மேல வரச் சொல்லு!" என்றேன்.